ஆம்னி இன்ஜின்: எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது

வணக்கம். மேஜை மேல் பிரித்துப் போட்டிருப்பது பழைய மாருதி ஆம்னியின் இன்ஜின். மூன்று சிலிண்டர், 796 சிசி. ஆயில் குடிக்கிறது, நீலப் புகை அடிக்கிறது என்று வந்த வண்டி. இப்படி வந்தால், "பிஸ்டன் ரிங் செட் மாற்றினால் போதும்" என்று உடனே சொல்லிவிடுகிறார்கள். போதுமா என்பதை போரை, அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளையை, அளந்துதான் சொல்ல முடியும்.

கேமராவைக் கிட்டக் கொண்டுவருகிறேன். சிலிண்டர் வாய்க்குச் சற்றுக் கீழே ஒரு கோடு தெரிகிறதா? நகத்தை வைத்து மேலே இழுத்தால் தட்டி நிற்கிறது. மேல் ரிங் ஏறித் திரும்புகிற இடம் அது. கோட்டுக்கு மேலே தேய்மானம் கிடையாது, ஒட்டிக் கீழேதான் தேய்மானம் அதிகம். புதிதில் இந்த போர் 68.5 மில்லி. விட்டம் அளக்கும் டயல் கேஜை மேலே, நடுவில், கீழே வைத்து, ஒவ்வொரு இடத்திலும் நீளவாக்கில் ஒன்று, குறுக்குவாக்கில் ஒன்று பாருங்கள். இதில் அடியைவிட மேலே 0.1 மில்லி கூடுதல்.

0.1 தானே என்று விட்டுவிடாதீர்கள். விட்டம் அவ்வளவு கூடினால் சுற்றளவு 0.31 கூடும். அது முழுக்க ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள வாய் இடைவெளியில் வந்து சேரும். 3000 ஆர்பிஎம்மில் ஓடும்போது ரிங் நிமிடத்துக்கு 3000 தடவை விரிந்து சுருங்க வேண்டும். போதாததற்கு, புது ரிங்கின் கூரான விளிம்பு அந்தப் படியில் போய் மோதும். ரிங் உடைய வேறு காரணமே வேண்டாம். அதனால் இதற்குத் துளையைச் சீராகக் குடைகிற போரிங்தான், அதற்கேற்ற பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன்தான்.

ஆனால் பிஸ்டன் ஏறி இறங்குவதைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க்கின் கதை வேறு. சிலிண்டர் பிளாக் லேத்துக்குப் போகிறதே என்று அதையும் சேர்த்துக் கடைந்துவிடுகிறார்கள். தேவையில்லாமல் அதைத் தொடக் கூடாது. மைக்ரோமீட்டரில் ஜர்னல், அதாவது கிராங்க்கில் பேரிங் உட்காரும் இடம், எல்லாப் பக்கமும் ஒரே அளவு காட்டுகிறது, நகத்தில் கீறல் தட்டவில்லை. பேரிங்கில் மட்டும் செம்பு நிறம் எட்டிப் பார்க்கிறது. அப்படியானால் ஸ்டாண்டர்டு சைஸ் புது பேரிங் போட்டு இதே கிராங்க்கை ஓட்டலாம். பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் ராடுகளும் இருக்கட்டும். ஒவ்வொரு ராடின் தொப்பியும் அதனதன் ராடோடு சேர்த்துக் கடைந்தது, அதனால் ஒன்றின் தொப்பியை இன்னொன்றுக்கு மாற்றிப் போடாதீர்கள். வால்வுகளைத் திறக்கும் ராக்கர்களையும் கழற்றிய வரிசையிலேயே வையுங்கள்.

சிலிண்டர்களை மூடும் ஹெட் அலுமினியம், சூடேறினால் வளையும். ஸ்ட்ரெய்ட் எட்ஜ் என்கிற நேரான சட்டத்தை வைத்து, அடியில் 0.05 மில்லி ஃபீலர் தகடு நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால் ஃபேசிங் போட்டு, அதாவது முகத்தைக் கடைந்து, சமமாக்க வேண்டும். கேஸ்கட், ஆயில் சீல், டைமிங் பெல்ட் எல்லாம் புதுசுதான், அதில் பேச்சே இல்லை.

அப்புறம், பிஸ்டனை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு லேத்துக்குப் போங்கள். லேத்துக்காரர் அந்த பிஸ்டனை அளந்து, அதற்குத் தகுந்த இடைவெளி விட்டுத்தான் போர் போட வேண்டும்.