அடிமேல் அடி: சூரிய வெடிப்பும் விண்வெளித் துகள்களும்

அவைத்தலைவர் அவர்களே, எத்தனையோ அலுவல்களுக்கிடையே வந்து முன்வரிசையில் வீற்றிருக்கும் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களே, பேராசிரியர் பெருமக்களே, திண்டுக்கல் மாவட்டப் பள்ளிகளிலிருந்து திரண்டிருக்கும் ஆசிரியர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். சூரிய வெடிப்பு துகள்களை எவ்வாறு முடுக்குகிறது, அவற்றை எவ்வாறு அளக்கிறார்கள், நம் பிள்ளைகளுக்கு இதில் என்ன பங்கு என்னும் மூன்றையும் பேச எண்ணி வந்திருக்கிறேன்.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். சூரியனிலிருந்து பிய்த்தெறியப்படும் காந்தப் பிழம்பு நொடிக்கு ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் வேகத்தில் பாயும்போது அதன் முன்னே ஓர் அதிர்ச்சி அலை எழுகிறது. அந்த அலைமுகத்தின் இருபுறமும் கொந்தளிக்கும் காந்தப்புலத்தில் சிக்கிய புரோட்டான், முன்னும் பின்னும் எதிரொளிக்கப்பட்டு அலைமுகத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் சிறிதளவு ஆற்றல் பெறுகிறது. அடிமேல் அடி விழுந்து, இறுதியில் ஒளியின் வேகத்தை நெருங்குகிறது. வெடிப்பின்போது காந்தப்புலக் கோடுகள் அறுந்து மீண்டும் இணைவதாலும் துகள்கள் முடுக்கப்படுவதுண்டு. ஆயினும் நாள்கணக்கில் நீடிக்கும் பெரும் புரோட்டான் புயல்களுக்கு அதிர்ச்சி அலையே முதற்காரணம்.

1972 ஆகஸ்ட் 4 அன்று நடந்ததைக் கேளுங்கள். சூரியனிலிருந்து புறப்பட்ட பிழம்பொன்று, வழக்கமாக இரண்டு மூன்று நாள் எடுக்கும் தொலைவை 15 மணி நேரத்துக்குள் கடந்து பூமியை அடைந்தது. வட வியட்நாம் கடலில் அமெரிக்கா விதைத்திருந்த, காந்தப்புல மாற்றத்தை உணர்ந்து வெடிக்கும் கண்ணிவெடிகள், கப்பல் எதுவும் அருகே வராமலே, அரை நிமிடத்துக்குள் இருபதுக்கு மேல் வெடித்தன! வானிலிருந்து பார்த்த விமானிகளுக்குக் காரணம் விளங்கவில்லை. பூமியின் காந்தப்புலம் குலுங்கியதை அக்கண்ணிகள் கப்பலின் வரவாகவே உணர்ந்தன. அதே வெடிப்பின் துகள்கள் செயற்கைக்கோள்களின் சூரியத் தகடுகளையும் நலிவுறச் செய்தன. மனிதரை நிலவுக்கு ஏற்றிச்சென்ற அப்போலோ 16 அவ்வாண்டு ஏப்ரலில் திரும்பிவிட்டது. அப்போலோ 17 டிசம்பரில்தான் புறப்பட்டது. இடையில் எவரேனும் நிலவில் நடந்திருந்தால் அவர்களுக்குக் கடும் கதிர்வீச்சு நோய் கண்டிருக்கக்கூடும்.

இத்துகள்களை அளக்க, பூமிக்கு 15 இலட்சம் கிலோமீட்டர் அப்பால் நம் நாட்டின் சூரிய ஆய்வுக்கலமான ஆதித்யா எல்1 இருக்கிறது. அதில் துகள்களை அளக்கும் ஆஸ்பெக்ஸ் கருவி அகமதாபாத்தில் உருவானது. அத்திட்டத்தின் இயக்குநராக இருந்த நிகர் சாஜி செங்கோட்டையில் பள்ளிப் படிப்பை முடித்தவர். நம் மாவட்டத்துக் கொடைக்கானல் ஆய்வகத்திலோ, சூரியப் பரப்பில் கருமையாகத் தெரியும் சூரியப் புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கி ஓடுவதை ஆங்கிலேய வானியலாளர் எவர்ஷெட் 1909 இலேயே கண்டறிந்தார். இத்தனை பெருமை இருந்தும், அம்மலையடிவாரத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு சூரியப் புள்ளியைக் கண்டிருக்கிறார்கள்?

ஆகவேதான் என் நெடுநாள் கோரிக்கையை இங்கும் வைக்கிறேன்: அரசு மேல்நிலைப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு தொலைநோக்கி வேண்டும். சூரியனை நேரே நோக்காமல், பிம்பத்தை வெள்ளை அட்டையில் விழச்செய்து, ஆசிரியர் உடனிருக்க, மாணவர்கள் நாள்தோறும் புள்ளிகளை வரைந்து பதிவேட்டில் ஒட்டட்டும். அடிமேல் அடி வைத்துக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள் வரும் கல்வியாண்டில் பத்துப் பள்ளிகளிலாவது இதைத் தொடங்க ஆவன செய்ய வேண்டுமென்னும் விண்ணப்பத்தை, தலைவர் அவர்களின் இசைவோடு, இம்மேடையிலேயே அவரிடம் அளிக்கிறேன்.