மிஷன் பங்களாவுக்குள்ள ஒரு குடும்பம் எப்படி நாளை ஓட்டிச்சு? | நெய்யூர் வ்லாக்

வணக்கம் மக்களே. இன்னைக்கு கன்னியாகுமரி மாவட்டம் நெய்யூர் பக்கம் ஒரு பழைய மிஷன் வீட்டு வராந்தாவுல நிக்கோம். மிஷனரிமார் கட்டுன சர்ச்சு, பள்ளிக்கூடம், ஆசுபத்திரி பத்தியெல்லாம் நெறைய பேர் பேசியாச்சு. நான் காட்டப்போறது வீடு. கடல் தாண்டி வந்த ஒரு புருஷன், பொண்டாட்டி, கைக்குழந்தை, இவங்க இந்த வெயில்லயும் நம்ம ரெண்டு மழையிலயும் எப்படிச் சமாளிச்சாங்க, அதுக்கு இந்த வீட்டுல என்னென்ன ஏற்பாடு இருக்கு, அது மட்டும்தான். இந்த மாதிரி வீட்டைப் பழுது பாக்கப் போறவங்க முழுசாப் பாருங்க. இங்க வேண்டாத இடம்னு தோணுற ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை இருந்திருக்கு.

முதல்ல காலம். 1806ல மைலாடிக்கு வந்த லண்டன் மிஷனோட முதல் மிஷனரி ரிங்கல்தௌபே தனி ஆள். அவருக்கு வீட்டுக்காரி, பிள்ளை குட்டி கெடையாது. 1816ல ஊரை விட்டும் போயிட்டாரு. அதனால மிஷன் குடும்பம்னு பேசணும்னா 1818ல வந்த மீட், 1819ல வந்த மால்ட் தம்பதி, இவங்கள்ல இருந்துதான் தொடங்கணும். திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய் நாகர்கோவில்ல பங்களா குடுத்தாங்க. 1828ல மீட் நெய்யூருக்கு மாறினாரு. மால்ட் தம்பதி 30 வருஷத்துக்கு மேல நாகர்கோவில்லயே இருந்தாங்க. இனிமே வீட்டைப் பாப்போம்.

இந்த வராந்தா அகலத்தைப் பாருங்க, 8லயிருந்து 10 அடி வரும். ஓடு இறங்குற ஓரம் நம்ம தலைக்கு மேல ஒரு முழம்தான். ஏன் இவ்வளவு தாழ்வு? ஆனி ஆடியில தென்மேற்கு மழை நேரா விழாது, சாய்ஞ்சு அடிக்கும். கூரை தாழ்ந்தாத்தான் சாரல் சுவரைத் தொடாது. வெயிலும் அப்படித்தான், உச்சி வெயில் உள் சுவர்ல படாது, பொழுது சாயும்போதுதான் கொஞ்ச நேரம் படும். சுவர் ரொம்பச் சூடாகலைன்னா ராத்திரி முறிக்குள்ள, அதாவது அறைக்குள்ள, புழுக்கம் அதிகம் இருக்காது. இப்ப நெறைய பேரு வராந்தாவைக் கண்ணாடி போட்டு அடைச்சு இன்னொரு முறி ஆக்குறாங்க. தயவு செஞ்சு அப்படிச் செய்யாதீங்க. கண்ணாடிக்குள்ள வெயில் பூந்து சூடு அங்கனயே தங்கிரும், உள்ள இருக்க எல்லா முறியும் வேகும்.

வீட்டுலயே ஜனங்க அதிகம் புழங்குன இடமும் இந்த வராந்தாதான். முன் வராந்தா ஊருக்கு, பின் வராந்தா குடும்பத்துக்கு. நாகர்கோவில்ல மார்த்தா மால்ட் அம்மா பொம்பளப் பிள்ளைகளை உக்கார வச்சு எழுத்தும் தையலும் லேஸும் சொல்லிக் குடுத்தது 1820கள்ல. நம்ம ஊரு லேஸுக்கு வித்து அங்கனதான். மேல் உடம்பை மறைக்கக் கூடாதுன்னு தடை இருந்த பெண்களுக்குக் குப்பாயம், அதாவது மேல் சட்டை, தச்சதும் மிஷன் வீட்டு அம்மாமாரு முன்ன நின்ன காரியம். அந்தத் தோள்சீலைக் கலகம் 1859 அரச அறிவிப்பு வரைக்கும் இழுத்துச்சு. அதனால வராந்தாவை வெறும் காத்து வாங்குற இடம்னு மட்டும் நினைச்சிராதீங்க.

அந்த லேஸ் வேலையைக் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா வெளிச்சமும் காத்தும் இல்லாம அது நடக்காது. கெட்டியா அடைச்ச ஒரு உருளைத் தலையணை. அதுமேல ஊசியால ஓட்டை குத்துன டிசைன் தாள். அந்த ஓட்டையில குண்டூசி குத்தி, பாபின்ல, அதாவது சின்ன நூல் குச்சியில, சுத்துன நூலை ரெண்டு ஜோடியா, அதாவது 4 பாபினா எடுத்துக்கிடணும். அசைவு ரெண்டே ரெண்டுதான். நடு ரெண்டையும் இடமிருந்து வலமா மாத்திப் போடுறது ஒண்ணு, ஒவ்வொரு ஜோடியையும் வலமிருந்து இடமா முறுக்குறது இன்னொண்ணு. எவ்வளவு பெரிய பூவும் இந்த ரெண்டுலயே வந்துரும். கெட்டுப் போறது எங்கன்னா, கை வேர்வையில நூல் மஞ்சளாயிரும். மழைக்காலத்துல இரும்பு ஊசி துருப்பிடிச்சு லேஸ்ல புள்ளி விழும், அது துவைச்சாலும் போகாது. அதனால பித்தளை ஊசிதான் போடணும். கையைச் சோப்பு போட்டுக் கழுவி நல்லாத் துடைச்சிட்டுத்தான் உக்காரணும். எண்ணெய் தேய்ச்ச கைன்னா தொடவே வேண்டாம்.

சரி, உள்ள வாங்க. கெடக்கிற முறி. அலமாரி காலுக்கு அடியில கிண்ணம் வச்ச தடம் தெரியுதுல்லா? எறும்பும் கரையானும் ஏறாம இருக்க, கிண்ணத்துல தண்ணி ஊத்தி அதுக்குள்ள காலை நிறுத்துவாங்க. சாப்பாட்டு அலமாரி, பிள்ளைத் தொட்டில், புஸ்தக அலமாரி எல்லாத்துக்கும் இதே ஏற்பாடு. இதுல ஒரு பெரிய ஆபத்து உண்டு, கவனமாக் கேளுங்க. தேங்குன தண்ணியில கொசு முட்டை போட்டா, நம்ம ஊரு சூட்டுக்கு ஒரு வாரம் பத்து நாள்ல பறக்குற கொசுவாயிரும். அப்போ தொட்டிலுக்குக் கீழயே கொசுப்பண்ணை. இப்பவும் இப்படிக் கிண்ணம் வைக்கிறவங்க வாரத்துல ஒரு நாளு தண்ணியைக் கொட்டி, உள்பக்கத்தைத் தேய்ச்சுக் கழுவணும். முட்டை பாத்திரத்து ஓரத்துல ஒட்டிக்கிடக்கும், தண்ணியை மட்டும் மாத்துனா போகாது.

கொசுவால மலேரியா வருதுன்னு செகந்திராபாத்துல ரொனால்டு ராஸ் கண்டுபிடிச்சது 1897ல. அதுக்கு முந்தி ராத்திரிக் காத்துதான் காய்ச்சல் தருதுன்னு நம்பிக்கை. அந்த நம்பிக்கையில ஜன்னலை அடைச்சா பச்சைப்பிள்ளை உள்ள வெந்துரும், திறந்தா கொசு வரும். கொசுவலை அப்பவும் இருந்துச்சு, ஆனா அது கடியில இருந்து தப்பிச்சு நிம்மதியாத் தூங்க. வலை கட்டுறதுல ரெண்டு விஷயம் முக்கியம். பொழுது அடையுறதுக்கு முந்தியே இறக்கி, ஓரத்தை மெத்தைக்கு அடியில சுத்திச் சொருகிரணும். இருட்டுன பொறவு இறக்குனா கொசுவையும் உள்ள வச்சுக் கட்டுன மாதிரி. அடுத்தது, வலை உடம்புல ஒட்டக் கூடாது. ஒட்டுன இடத்துல வெளிய இருந்தே கடிக்கும், அதனால படுக்கையை விட வலை அகலமா இருக்கணும்.

இனி அடுக்களை. அது வீட்டோட ஒட்டாமத் தனியா நிக்குது, பாத்தியளா? நெருப்பு பயம் ஒரு காரணம், மங்களூர் ஓடு வர்றதுக்கு முந்தி கூரை பாதியும் ஓலைதான். அந்த ஓடுகூட மிஷன் சரக்குதான். சுவிட்சர்லாந்துல இருந்து வந்த பாசல் மிஷன்காரங்க 1865ல மங்களூர்ல ஓட்டுத் தொழிற்சாலை தொடங்குனாங்க. புகையும் சூடும் வீட்டுக்குள்ள வராதுங்கறது இன்னொரு காரணம். அடுக்களை வேலை செஞ்சது முழுக்க நம்ம ஊரு ஆளுங்க. தண்ணி கோருறவரு, சமையக்காரரு, ஆயா, வண்டிக்காரரு. இந்த வீட்டுப் பிள்ளைங்க உயிர் பிழைச்சதுல பாதி அவங்க கையில இருந்துச்சு. அவங்க பேரு ஏட்டுல இல்லாதது மனசுக்கு வருத்தமா இருக்கு.

தண்ணியைக் கொஞ்சம் நின்னு சொல்லுதேன். மழைக்காலத்துல கிணத்துத் தண்ணி கலங்கும். நம்ம ஆளுங்க செய்யுறது தேத்தாங்கொட்டை. சொரசொரப்பான மண்பானைக்கு உள்பக்கம், கொட்டையை ஈரத்தோட ஒரு ரெண்டு மூணு நிமிஷம் தேய்ச்சிட்டுத் தண்ணியை ஊத்தணும். அந்தச் சாறு மண்துகளை ஒண்ணோட ஒண்ணு சேத்து அடியில இறக்கிரும். அசைக்காம சில மணி நேரம் வச்சா மேல தெளிஞ்சு நிக்கும். இங்கனதான் எல்லாரும் தப்பு பண்ணுறாங்க. தெளிஞ்ச தண்ணி சுத்தமான தண்ணி இல்ல மக்களே. வாந்திபேதிக் கிருமி கண்ணுக்குத் தெரியாது, தெளிஞ்ச தண்ணியிலயும் இருக்கும். தெளிஞ்சதை மெள்ளச் சரிச்சு எடுத்து, துணியில வடிகட்டி, தளதளன்னு கொதி வந்த பொறவு ஒரு நிமிஷமாவது கொதிக்க விடணும். கலங்கலாவே கொதிக்க வச்சா கிருமி சாகும், ஆனா மண் ருசியோட இருக்கும், பிள்ளைங்க குடிக்காது. அதனால முதல்ல தெளிவு, பொறவு கொதி. ஆறுன பொறவு மூடுன மண்பானையில ஊத்தி, ஈர மணல் மேல வச்சா குளிர்ந்து கிடைக்கும். எடுக்குறதுக்கு நீளக் காம்பு போட்ட செரட்டை அகப்பைதான். டம்ளரையும் கையையும் பானைக்குள்ள முக்கினா, கொதிக்க வச்ச பாடு அத்தனையும் வீண்.

பால் இதை விடக் கஷ்டம். ஐஸ் கெடையாது. கறந்த பால் நம்ம வெயிலுக்கு 4 மணி நேரம் தாங்குறதே பெருசு. அதனால மாட்டை வாசலுக்கே ஓட்டிட்டு வந்து, வீட்டுப் பாத்திரத்துல, கண்ணு முன்னால கறக்கச் சொல்லுவாங்க. தண்ணி கலக்காம இருக்கணும், அதுவும் கிணத்துப் பச்சைத் தண்ணி பச்சைப்பிள்ளை வயித்துக்குள்ள போகக் கூடாது. கறந்த உடனே காச்சுவாங்க, மத்தியானம் மறுபடியும் ஒரு கொதி.

ரொட்டி. இங்க விளையுறது நெல்லு, கோதுமை வெளியில இருந்துதான் வரணும். வந்து சேரும்போது வண்டு வச்சிருக்கும், சலிச்சு வெயில்ல காயப்போடணும். ஈஸ்ட்டுக்கு என்ன வழி? தென்னிந்தியாவுல வெள்ளைக்காரங்க வீட்டு ரொட்டியைப் பொங்க வச்சது கள்ளு, நம்ம ஆப்பத்துக்கு ஊத்துற அதே கள்ளுதான். 1 கிலோ மாவுக்குக் காலையில இறக்குன கள்ளு கால் லிட்டர், உப்பு, தேவைக்குத் தண்ணி. பிசைஞ்சு ஈரத்துணி போட்டு மூடினா 3 மணி நேரத்துல ரெண்டு பங்கா வரும். அக்கானி, அதாவது பதநீர் ஊத்துனா பொங்காது. ரெண்டும் ஒரே பனைதான், ஆனா அக்கானிக் கலயத்துல சுண்ணாம்பு தடவிருப்பாங்க, அது நுரைக்க விடாது. சாயங்காலக் கள்ளு ஊத்துனா புளிப்பு ஏறி மாவு இறங்கிரும், ரொட்டி தட்டையாப் போயிரும். இப்ப தமிழ்நாட்டுல கள்ளுக்குத் தடை இருக்கு, அதனால செஞ்சு பாக்குறவங்க 1 கிலோ மாவுக்கு 10 கிராம் உலர் ஈஸ்ட் போடுங்க.

பிள்ளைகளைப் பத்திச் சொல்லாம இந்த வீட்டைச் சொல்ல முடியாது. ஆயா கையில வளருற பிள்ளைக்கு முதல் வார்த்தையே தமிழ்ல வரும். மால்ட் தம்பதி மகள் எலைசா 1822ல நாகர்கோவில்ல பிறந்தவங்க. 1844ல ராபர்ட் கால்டுவெல்லைக் கல்யாணம் பண்ணி இடையன்குடிக்குப் போனாங்க. அங்கயும் பெண்களுக்கு லேஸ் சொல்லிக் குடுத்தாங்க. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதுன மனுஷனோட வீட்டுல, சின்ன வயசுல இருந்தே நம்ம தமிழைக் கேட்டு வளந்த ஒரு நாகர்கோவில் பொண்ணு இருந்தாங்கங்கறது எனக்கு ரொம்பப் பெரிய விஷயமாத் தோணுது.

ஆனா நெறைய பிள்ளைகளை இங்கிலாந்துக்கு அனுப்பிட்டாங்க. மிஷனரிமாரு மகள்களுக்காக லண்டன் பக்கம் வால்தம்ஸ்டோவுல 1838லயும், மகன்களுக்காக 1842லயும் பள்ளிக்கூடம் தொடங்குனாங்க. சூயஸ் கால்வாய் திறந்தது 1869ல. அதுக்கு முந்தி ஆப்பிரிக்காவைச் சுத்திப் போற கப்பல் மாசக்கணக்குல எடுக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல்னு கடிதம் வரும்போது அந்தக் காய்ச்சல் எப்பவோ முடிஞ்சிருக்கும். 1901ல கோடைக்கானல்ல மிஷனரி பிள்ளைகளுக்குப் பள்ளி வந்த பொறவுதான் பக்கத்துலயே வச்சுப் படிக்க வைக்க ஒரு வழி ஆச்சு.

அனுப்புற பெட்டியைக் கட்டுறதும் ஒரு வேலைதான். ஐப்பசி ஈரத்துல துணியை அடைச்சு மூடினா, திறக்கும்போது பூஞ்சணம் கரும்புள்ளியா நிக்கும். மாசி பங்குனி வெயில்ல துணி, புஸ்தகம், பெட்டி மூணையும் காயப்போட்டு, சூடு ஆறுன பொறவு, காஞ்ச வேப்பிலையோட கற்பூரத்தையும் பொதிஞ்சு வைக்கணும். சூடோட மூடுனா உள்ளயே வேர்த்துரும்.

கோடையில காத்து வாங்க முட்டம் கடற்கரை. அங்க மிஷனுக்குப் பங்களா உண்டு. நெய்யூர் டாக்டர் லீச் 1854ல முட்டத்துக் கடல்ல குளிக்கும்போது மூழ்கி இறந்துட்டாரு. அங்க போறவங்களுக்குச் சொல்லுதேன், பாறைக்கு இடையில தண்ணி அமைதியாத் தெரியும், அலை திரும்பும்போது இழுத்துரும். இறங்காதீங்க.

கடைசியா ரெண்டு இடம். இந்தச் சுவரு, கீழ 3 அடிக்குப் பொரிஞ்சு உதிருது. காரணம் சிமெண்டு. பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்துல கட்டுனது. தரையில இருந்து ஏறுற ஈரம் அது வழியா வெளிய ஆவியாப் போயிரும். மேல சிமெண்டு பூசினா ஈரம் வெளிய வர வழியில்லாம உப்போட சேந்து தள்ளும், பூச்சு கொப்பளிக்கும். மறுபடி சிமெண்டு பூசுனா ஈரம் இன்னும் மேல ஏறும். செய்ய வேண்டியது, சிமெண்டை முழுசாக் கொத்தி எடுத்து, ஒரு கோடை காய விட்டு, நல்லா நீத்துப் பல வாரம் ஊறுன சுண்ணாம்பு 1 பங்கு, ஆத்து மணல் 3 பங்கு கலந்து, கடுக்காய் ஊறுன தண்ணி விட்டுக் குழைச்சு மெல்லிசா ரெண்டு தடவை பூசணும். நேர் வெயில்ல பூசாதீங்க, வெடிக்கும். ஒரு வாரம் பத்து நாளு லேசா ஈரம் தெளிச்சுக்கிட்டே இருக்கணும்.

இன்னொண்ணு குளிமுறி. அதுக்கு வெளிப்பக்கம் ஒரு சின்னக் கதவு, ரெண்டு படி. தண்ணி கொண்டு வர்றவங்க வீட்டுக்குள்ள நடக்காம வர்றதுக்கு வச்சது. அந்தக் காலத்து வேலையாள் வழக்கத்தோட அடையாளம் அது, அதையும் மறைக்க வேண்டாம். 1890கள்ல நாகர்கோவில்ல இரட்சணிய சேனையை (சால்வேஷன் ஆர்மி) சேந்த ஹாரி ஆன்ட்ரூஸ் மருந்து குடுக்கத் தொடங்குனது ஒரு குளிமுறியிலதான். அதுல இருந்து வளந்ததுதான் வடசேரி கேத்தரின் பூத் ஆசுபத்திரி. பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவங்க இந்தக் கதவை எதுக்குன்னு தெரியாமச் செங்கல் வச்சு அடைச்சிருதாங்க. அடைக்காதீங்க மக்களே. கீல் துருப்பிடிச்சிருந்தா மாத்துங்க, நிலை அயனி மரம்னா பெரும்பாலும் கரையான் தொட்டிருக்காது, அடிக்கட்டையை மட்டும் தட்டிப் பாத்து உளுத்த பாகத்தை வெட்டி ஒட்டுப் போட்டாப் போதும்.