தராசுல எழுதுற நம்பரு: பகாவ்ல இருந்து ஒரு ஞாயித்துக்கெழம பேச்சு

எல்லாருக்கும் ஸ்தோத்திரம், வணக்கம். சத்தம் கேக்குதா? பின்னாடி கத்துறது பக்கத்து வீட்டு சேவலு, அத நான் ஒன்னும் பண்ண முடியாது. மலேசியாவுல நெகிரி செம்பிலான்ல இருக்குற எங்க ஊரு பகாவ்ல காலையிலருந்து மண்டய பொளக்குற வெயிலு, இப்பத்தான் மேகம் கட்டுது, அதான் காடிக்குள்ளயே ஒக்காந்து டேஷ்போர்டு மேல போன சாத்தி வச்சுட்டு பேசுறேன், கொஞ்சம் ஆடுனா கண்டுக்காதீங்க.

போன ஞாயிறு ஆராதன முடிஞ்சு கோப்பி குடிச்சுக்கிட்டு இருந்தோம், வாலிபர் கூட்டத்துல இருக்குற ஒரு தங்கச்சி கேட்டுச்சு, "அண்ணே, தேவனோட குணம் நம்மகிட்ட தெரியணும்னு சொல்றாங்களே, தெரியுதுன்னு எப்புடி கண்டுபுடிக்கிறது?" நான் டக்குன்னு அன்பு, பொறும, மன்னிப்புன்னு அள்ளி விட்டேன். அதுவும் ஆமா ஆமான்னு தலய ஆட்டிட்டு போயிருச்சு. ராத்திரி படுத்தா எனக்கு தூக்கம் வரல. ஏன்னா நான் செய்யிற வேல தராசு வேல.

தெரியாதவங்களுக்கு சொல்றேன், செம்பனப் பழத்த, அதான் எண்ணப்பனை பழத்த, தோட்டக்காரங்ககிட்ட வாங்கி மில்லுக்கு அனுப்புற எடத்துக்கு ரேம்ப்னு பேரு, அங்க நான் எட போடுறேன். அஞ்சு ஏக்கர் ஆறு ஏக்கர் வச்சிருக்குற சின்ன தோட்டக்காரங்க குலையெல்லாம் சின்ன லோரியில ஏத்திக்கிட்டு வருவாங்க, லோரியோட ஒரு எட, பழத்த கொட்டிட்டு காலி லோரிக்கு ஒரு எட, கழிச்சு எழுதணும். அப்புறம் காயா இருக்கா பழமா இருக்கான்னு பாக்கணும், பழுத்த குலையில உதிரிப்பழம் தானா விழும், காய வெட்டிக்கிட்டு வந்தா எண்ண கம்மி, அதுக்கு கழிப்போம், காம்பு நீளமா விட்டிருந்தா அதுக்கும் கழிப்போம். எவ்வளவு கழிக்கிறதுங்கறது பாதி கண்ணளவு தான். அந்த பாதி தான் பிரச்சனயே.

தூக்கம் வரலன்னு லேவியராகமம் 19 எடுத்தேன். தொடக்கத்துல "உங்கள் தேவனும் கர்த்தருமாகிய நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள்"னு வருதுல்ல, நம்ம ஆளுங்க அந்த ஒரு வசனத்தோட நிறுத்திட்டு வெள்ள சட்ட, உபவாசம், சினிமா பாக்கலாமா கூடாதான்னு போயிருவோம். தொடர்ந்து படிச்சு பாருங்க, அதே அதிகாரத்துல என்னென்ன வருதுன்னு. அறுக்கும்போது ஓரத்த ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுரு. கூலிக்காரன் கூலி விடியிற வரைக்கும் ஒங்கிட்ட இருக்கக்கூடாது. செவிடன திட்டாத. கெழவங்க வந்தா எழுந்திரு. கடைசியில வந்து நிக்குறது எங்க தெரியுமா, தராசு, நிறைகல்லு, மரக்கால், படி! பரிசுத்தம்னு ஆரம்பிச்சு எட போடுற எடத்துல கொண்டாந்து நிறுத்துறாரு. எத்தனயோ தடவ படிச்சிருக்கேன், என் வேலயத்தான் சொல்றாருன்னு ஒரு நாளும் தோணல.

இதுல எங்க ஊரு கத ஒன்னு சொல்லணும். ஜப்பான்காரன் காலத்துல, 1943 கடைசியில, சிங்கப்பூர்ல சாப்பாட்டுக்கு பஞ்சம்னு கத்தோலிக்க குடும்பங்கள இங்க பகாவ் காட்டுக்குத்தான் கொண்டாந்து விட்டாங்க, காட்ட அழிச்சு பயிர் போட்டு பொழச்சுக்கோன்னு. மலேரியாவுல கொத்து கொத்தா செத்தாங்க. அவங்களோட வந்தவரு டெவால்ஸ்னு பிஷப்பு, பிரெஞ்சுக்காரரு. அவரும் மம்பட்டி புடிச்சு கொத்துனவரு தான், கால்ல பட்ட காயம் விஷமேறி 1945 ஜனவரியில எறந்துட்டாரு. எங்க சபை கத்தோலிக்க சபை இல்ல, ஆனா அந்த பிஷப்ப நெனச்சா பரிசுத்தம்னா அழுக்குப் படாம இருக்குறதுன்னு சொல்ல எனக்கு வாய் வராது.

சரி தராசுக்கு வரேன். எங்க பாட்டி கித்தா மரம், அதான் ரப்பர் மரம் வெட்டுனவங்க, வெட்டுறதுன்னா பட்டய கீறி பால் எடுக்குறது. விடியும் முன்ன பேர் கூப்புடுற பெரட்டுக்கு போயி, மரம் வெட்டி, மரத்துல கட்டியிருக்குற மங்கு கிண்ணத்துல இருந்து பால எடுத்து, தூக்கிக்கிட்டு வந்து ஸ்டோர்ல வரிசையில நிக்கணும். அங்க ஒருத்தரு எட போடுவாரு, மெட்ரோலாக்குன்னு ஒன்னு இருக்கும், பாலுக்குள்ள விட்டா மெதக்கும், பால் எவ்வளவு கெட்டின்னு காட்டும், ஏன்னா சில பேரு தண்ணி ஊத்திக்கிட்டு வருவாங்க, அதயும் மறைக்கக்கூடாதுல்ல. ஆனா எங்க பாட்டி தண்ணி ஊத்தாதவங்க, அவங்களுக்கும் கொறச்சுத்தான் எழுதுவானுங்களாம். "படிக்கத் தெரியாதவ கணக்குல அவன் படிச்ச படிப்ப காட்டுனான்"னு சாவுற வரைக்கும் சொல்லும்.

அந்த பாட்டியோட பேரன் நான் என்ன செஞ்சேன்னு கேளுங்க. ரேம்ப்ல போட்ட எட மில்லுல போடும்போது கொஞ்சம் கொறையும், தண்ணி வத்தும், உதிரி சிந்தும், கொறஞ்சா என்னத்தான் கேப்பாங்க. அதுக்கு பயந்துக்கிட்டு ஒவ்வொரு லோரியிலயும் அஞ்சு கிலோ ஏழு கிலோ கீழ எழுதுவேன். 487ன்னா 480. ஒரு மலாய் பாக்சிக், பெரியவர அப்புடித்தான் கூப்புடுவோம், எழுவது வயசுக்கு மேல இருக்கும், மாசத்துக்கு ரெண்டு தடவ வருவாரு, ஸ்கேல் பக்கமே பாக்கமாட்டாரு, லோரிய விட்டுட்டு எதுத்த கடையில போயி தே ஓ, பால் இல்லாத டீ, குடிச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பாரு. கிலோ எம்பது தொண்ணூறு காசுன்னா ஏழு கிலோ எவ்வளவு, ஒரு ஆறு வெள்ளி, அதாவது ஆறு ரிங்கிட். ஆறு வெள்ளி தானேன்னு நெனப்பேன். நான் பைல போட்டுக்கலல்ல, திருடலல்லன்னு வேற எனக்கு நானே ஜட்ஜு.

இன்னொன்னும் இருக்கு, சொல்லிர்றேன். வீட்டுக்கு பின்னால ஜிங்க் தகடு மாத்துன பங்களாதேஷ் தம்பிக்கு 150 வெள்ளி, "நாளைக்கு வா, நாளைக்கு வா"ன்னு ஒம்போது நாள் இழுத்தேன். காசு இருந்துச்சு, பேங்குக்கு போக சோம்பேறித்தனம், அவ்வளவுதான். அதே 19ல 34வது வசனம் படிச்சப்ப கன்னத்துல அறஞ்ச மாதிரி இருந்துச்சு, அந்நியன சுதேசி மாதிரி நெனச்சு அன்பு வையி, "நீங்களும் எகிப்துதேசத்தில் அந்நியராயிருந்தீர்களே"ன்னு. எகிப்துன்னு ஏன் போகணும், 1938ல இந்தியா கூலி ஆள் அனுப்புறத நிறுத்துறதுக்கு முன்னாடி கங்காணி கூட்டத்தோட கப்பல் ஏறி வந்தவங்க தான் நம்ம பூட்டனுங்க. அவங்க காச எவனாவது நாளைக்கு நாளைக்குன்னு இழுத்திருந்தா நம்ம எவ்வளவு திட்டியிருப்போம்.

அந்த தம்பி காச மறுநாளே குடுத்துட்டேன், அது சுலுவு. பாக்சிக் விஷயம் தான் நாலு நாளு வயித்த கலக்குச்சு. ரேம்ப் நடத்துறவங்ககிட்ட மொத சொன்னேன், இனிமே ஸ்கேல் காட்டுறதத்தான் எழுதுவேன், கொறஞ்சா எங்கிட்ட கேளுங்கன்னு, அவங்க மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு, வேலய விட்டு அனுப்பல, இது வரைக்கும். அப்புறம் கணக்கு பாத்து, கூட கொறய இருக்கும்னு 300 வெள்ளி என் காசுல எடுத்துக்கிட்டு பாக்சிக் வீட்டுக்கு போனேன். எல்லாத்தயும் சொன்னேன். அவரு ஒன்னும் பேசல, காச எண்ணி பாத்து சட்டப் பையில வச்சுக்கிட்டாரு. மன்னிச்சேன்னும் சொல்லல. நான் என்ன நெனச்சுக்கிட்டு போனேன்னா, கண் கலங்குவாரு, தோள்ல கை போடுவாரு, அத வந்து சபையில சாட்சியா சொல்லலாம்னு. அந்த நெனப்பு எவ்வளவு அசிங்கம்னு திரும்பி வரும்போது மோட்டார்ல ஒக்காந்துக்கிட்டு தான் தெரிஞ்சிச்சு.

நேத்து பழம் கொண்டாந்தாரு. தே ஓ குடிக்கப் போகல. ஸ்கேலுக்கு நேரா வந்து நின்னாரு, கண்ணாடிய மாட்டிக்கிட்டு அந்த செகப்பு நம்பரயே பாத்துக்கிட்டு, லோரியோட ஒரு தடவ, காலி லோரிக்கு ஒரு தடவ, நான் எழுதி முடிக்கிற வரைக்கும் நகரல. 512. 512ன்னு எழுதி அவருக்கு திருப்பி காட்டுனேன்.

அய்யோ மழ வந்துருச்சு, துணி வெளிய கெடக்கு, அப்புறம் பேசுறேன்.