எடுபிடி வேலை பார்க்கும் ‘பிக் அப்’

நேயர்களுக்கு அன்பு வணக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் ஓர் அறையில், கட்டுமான வேலைக்கு வந்திருக்கும் நம் தம்பிகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். இன்று பேசப்போகும் விஷயம் அந்த அறையில்தான் கிடைத்தது.

பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி. சிங்கப்பூருக்கு வந்து மூன்றே நாள். கைப்பேசியில் ஒரு செய்தி: ‘பிக் அப், கேட் டூ, சிக்ஸ் தர்ட்டி’. பிக் அப் என்றால் கீழே கிடப்பதை எடுப்பது என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அவருக்கு நினைவு இருந்தது. இரண்டாம் வாசலில் ஏதோ சாமான் எடுக்கச் சொல்கிறார்கள் போலிருக்கிறது என்று, காலை ஆறரைக்கு ஒரு ட்ராலியைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். உள்ளே அவர் சாமானைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், வாசலுக்கு வெளியே ஆட்களை ஏற்றிக்கொண்டு லாரி கிளம்பிவிட்டது. அரை நாள் சம்பளம் போயிற்று. “எடுன்னுதானே டீச்சர் போட்டிருந்துச்சு?” என்று அவர் கேட்டபோது எனக்கு மனசு கனத்துப்போனது. அவர் படித்த பொருளில் தவறே இல்லை. அதே சொல் ஆளை வந்து ஏற்றிக்கொள்வதையும் குறிக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இந்தத் தடுமாற்றம் புதிதல்ல. சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே இதைப் பேசியிருக்கிறார். வினைச்சொல்லோடு ஒரு சின்னச் சொல் ஒட்டிக்கொண்டு பொருளை மாற்றிவிடும் இந்த வகைதான் வெளிநாட்டாருக்குப் பெரிய சிரமம் என்கிறார். ஆனால் தமிழருக்கு இது அத்தனை அந்நியமா? ‘கண்டுபிடி’ என்கிறோம். கண்டு, அப்புறம் ஓடிப்போய்ப் பிடிப்பதா? ‘சொல்லிக்கொடு’ என்கிறோம். சொன்ன பிறகு கையில் எதைக் கொடுக்கிறோம்? இரண்டு சொல் சேர்ந்தால் மூன்றாவதாக ஒரு பொருள் பிறக்கும் என்பது நமக்குத் தாய்ப்பாலோடு வந்த விஷயம்.

அதனால் வகுப்பில் நான் பொருள்களை ஒன்று, இரண்டு என்று பட்டியல் போடுவதில்லை. பலகையில் இரண்டே தமிழ்ச் சொற்களை எழுதுவேன். ஒன்று ‘எடு’, இன்னொன்று ‘பிடி’.

கீழே விழுந்த பேனாவை எடுக்கிறோம். மணி அடித்தால் போனை எடுக்கிறோம். நிலையத்தை விட்டுக் கிளம்பிய ரயில் வேகம் எடுக்கிறது. ஆங்கிலத்தில் மூன்றுமே பிக் அப். அடுத்தது ‘பிடி’. மழையில் நனைந்தால் சளி பிடிக்கிறது. தீபாவளி நெருங்கினால் வியாபாரம் சூடு பிடிக்கிறது. என் குரலை இப்போது உங்கள் வானொலி பிடித்துத் தருகிறதே, அதுவும்தான். இவையும் பிக் அப்.

எனக்கு மிகவும் பிடித்தது மொழியைப் பற்றிச் சொல்வது. என் பாட்டி மலாய் வகுப்புக்குப் போனவர் இல்லை. தேக்கா சந்தையில் மீன்காரரோடு விலை பேசிப் பேசியே அவருக்கு மலாய் பிடிபட்டுவிட்டது. புத்தகம் இல்லாமல், காதில் விழுந்து விழுந்து ஒரு மொழி வருகிறதே, அதை ஆங்கிலத்தில் சொல்ல பிக் அப்பை விடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. நம் ‘பிடிபடுவது’ அதற்குச் சரிசமமாக நிற்கிறது.

எடு, பிடி இரண்டையும் பலகையில் அடுத்தடுத்து எழுதியதும் ஒரு தம்பி சேர்த்துப் படித்தார்: எடுபிடி! வகுப்பே கலகலத்துவிட்டது. ஆனால் எவ்வளவு சரியான பெயர்! கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் ஓடி, சொன்ன வேலையைச் செய்துவிட்டு வரும் சொல்தானே இந்த பிக் அப்.

இந்த இரண்டுக்கும் அடங்காதவையும் உண்டு. நோயில் கிடந்தவர் உடம்பு தேறினால், அதுவும் பிக் அப். உணவங்காடியில் சாப்பிட்ட தட்டை நாமே எடுத்து வைக்க வேண்டும் என்பது 2021 செப்டம்பர் 1 முதல் கட்டாயமானதே, ‘பிக் அப் ஆஃப்டர் யுவர்செல்ஃப்’ என்றால் அதேதான்: நாம் போட்டதை நாமே எடுத்துச் சுத்தம் செய்வது.

ஆட்களைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். பள்ளி விட்டதும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவதை நாம் இங்கே ‘ஃபெட்ச் பண்ணப் போறேன்’ என்போம். அது சரிதான், போய் அழைத்து வருவதுதான் ஃபெட்ச். ஆனால் ஒருவரைச் சாங்கி விமான நிலையத்தில் கொண்டுபோய் விடுவதற்கும் அதையே சொல்கிறோம். அது மற்ற ஊர்க்காரர்களைக் குழப்பும். ஏற்றிக்கொள்வது பிக் அப், இறக்கிவிடுவது டிராப் ஆஃப் என்று பிரித்துச் சொன்னால் யாருக்கும் புரியும். இன்னொன்று: முன்பின் தெரியாத ஒருவரிடம் பேச்சுக் கொடுத்து வளைத்துப் பழகுவதற்கும் பிக் அப் என்ற வழக்கு உண்டு. இடம் பார்த்துப் பேசுங்கள்.

கடைசியாக, நம்மவர்கள் அதிகம் இடறும் இடம். ‘பிக் அப் த பாக்ஸ்’, ‘பிக் த பாக்ஸ் அப்’ இரண்டும் சரி. ஆனால் பெட்டி என்று சொல்லாமல் ‘அது’ என்று சொன்னால், அந்த ‘இட்’ நடுவில்தான் உட்கார வேண்டும். பிக் இட் அப். ‘பிக் அப் இட்’ என்று வராது. அவரை என்றாலும் என்னை என்றாலும் இதே கதைதான்: பிக் ஹிம் அப், பிக் மீ அப். அழுத்தம் கடைசி ‘அப்’பில் விழட்டும். பத்து முறை வாய்விட்டுச் சொன்னால் நாக்குக்குப் பழகிவிடும்.

அந்தப் பட்டுக்கோட்டைத் தம்பி இதைத் தன் நோட்டில் எழுதி, நடுவில் இருக்கும் ‘மீ’யைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறார். போன வாரம் லாரி மறுபடியும் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. இந்த முறை அவரே ஓட்டுநருக்குப் போன் போட்டிருக்கிறார். “கேட் டூ, பிரதர். பிளீஸ் பிக் மீ அப்.” லாரி திரும்பி வந்தது.