செம்மண் சேத்துக்கை சைக்கிளோகுரொஸ்! 14 பிள்ளையள், 7 ஹெல்மெற், ஒரு பத்தாம் நம்பர் சாவி

வணக்கம் உறவுகளே. குரல் அடைச்சுக் கிடக்கு, காய்ச்சல் ஒண்டும் இல்லை, பயப்பிடாதேங்கோ. ஞாயிற்றுக்கிழமை கத்தினது. இண்டைக்குச் செவ்வாய், இன்னும் திறபடேல்லை. அம்மா கொத்தமல்லி அவிச்சுத் தந்தவா, இந்தா கையிலை கோப்பை. குடிச்சுக் குடிச்சுத்தான் கதைக்கப்போறன்.

செய்திட்டம்! போன மூண்டு வீடியோவிலையும் "செய்யப்போறன், செய்யப்போறன்" எண்டு சொல்லிக்கொண்டிருந்த பிள்ளையளின்ரை சைக்கிளோகுரொஸ் நடந்து முடிஞ்சுது. யாழ்ப்பாணத்திலை, புன்னாலைக்கட்டுவனிலை சித்தப்பாவின்ரை காணி. முந்தி மிளகாய்த் தோட்டம், இப்ப ரெண்டு வருசமாச் சும்மா கிடக்கிற துண்டு. 14 பிள்ளையள் வந்தவை. அதிலை 5 பேர் பெம்பிளைப் பிள்ளையள். ஒருத்தரும் இடையிலை விட்டிட்டுப் போகேல்லை. ஒருத்தரும்!

புதுசா வந்த ஆக்களுக்குக் கெதியாச் சொல்லிவிடுறன். சேறு, புல்லு, மணல் எல்லாத்துக்குள்ளாலையும் ஒரு சின்ன வட்டத்தைத் திரும்பத் திரும்பச் சுத்துற போட்டி இது. இடையிலை பலகை வைச்சிருப்பினம், படி இருக்கும். ஓடேலாத இடத்திலை குதிச்சு இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு காலாலை ஓடோணும். பிரான்சிலை 1902இலையே தேசியப் போட்டி வைச்சிட்டினம். உலகச் சம்பியன் போட்டி 1950இலை பாரிசிலை தொடங்கினது. இப்ப பெல்ஜியத்திலை இதுக்குச் சனம் திருவிழாவுக்குப் போற மாதிரிப் போகுது. புரட்டாதியிலை தொடங்கி மாசி மட்டும் அங்கை சீசன். எங்கடை மாரி மழையும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. அவைக்குச் சேறு வாற நேரம்தான் எங்களுக்கும் சேறு வருது. இதை விடப் பொருத்தம் என்ன வேணும்?

சரி, மக்காட் கதை. சில்லுக்கு மேலை சேறு தெறிக்காமல் பூட்டுற தகடு, அதுதான். இதைச் சொல்லாமல் எனக்கு மற்றது ஒண்டும் வாயிலை வராது.

மழைத் தண்ணி ஓடிக்கொண்டிருக்கிற செம்மண் பிரச்சினையில்லை, ஏறினாலும் கழுவுப்பட்டுப் போயிடும். மழை விட்டு ரெண்டு மணித்தியாலம் வெயில் எறிச்ச செம்மண்தான் ஆபத்து. இடியப்பத்துக்குக் குழைச்ச மா மாதிரி ரயரிலை ஏறும். ஏறி, ரயருக்கும் மக்காட்டுக்கும் நடுவிலை போய் இறுகும். ரெண்டாம் சுத்திலை சில்லு அப்பிடியே நிண்டிடும், ஆரோ பிறேக்கைப் பிடிச்ச மாதிரி. நான் முதல் கிழமை தனிய ஓடிப் பாக்கேக்கை சில்லுச் சுத்தாமல் தோளிலை வைச்சுக்கொண்டு வந்தனான், அந்த வீடியோவைப் பாத்திருப்பியள்.

ஆனபடியா பிள்ளையளின்ரை சைக்கிள் எல்லாத்துக்கும் மக்காட்டைக் கழட்டோணும் எண்டு முடிவு. ஒரு கடையிலை போய்க் கேட்டன். ஒரு சைக்கிளுக்கு 200 ரூபாயாம். கழட்ட 200, திரும்பப் பூட்ட வேறை 200. 14 சைக்கிளுக்குக் கழட்ட மட்டும் 2800... பொறுங்கோ, பிழையாச் சொல்லுறன். அதிலை மூண்டு மவுண்டன் சைக்கிள், அதுக்கு மக்காட்டே இல்லை. மிச்சம் 11. அப்ப 2200. பூட்டவும் சேத்தால் 4400 ரூபாய்! நாலு நட்டைக் கழட்டிப் பூட்டுறதுக்கு! பிள்ளையளிட்டை ஒரு சதமும் வாங்கிறேல்லை எண்டு நான் முதல் வீடியோவிலையே சொன்னனான். அந்தச் சொல்லு மாறாது. நேரை இரும்புக் கடைக்குப் போய் 450 ரூபாய்க்கு நட்டுக் கழட்டுற பத்தாம் நம்பர் சாவி, ஸ்பானர், ஒண்டு வாங்கினன். இந்தா, இதுதான். வடிவாப் பாருங்கோ.

சனிக்கிழமை பின்னேரம் சைக்கிள் எல்லாம் எங்கடை முத்தத்திலை. பத்துச் சைக்கிள் முக்கால் மணித்தியாலத்திலை முடிஞ்சுது. பதினோராவதிலை ஒரு நட்டு, பின் சில்லுப் பக்கம், துருப்பிடிச்சு இறுகிப் போச்சு. அசையேல்லை. சாவி வழுக்குது, விரல் உரஞ்சுப்பட்டு ரத்தம். அப்பா வந்து பாத்திட்டு ஒண்டும் பறையேல்லை, ஒரு துணியிலை மண்ணெண்ணெயை நனைச்சு நட்டைச் சுத்திக் கட்டிப்போட்டுப் போயிட்டார். விடிய அஞ்சு மணிக்கு எழும்பி ரோச் லைற் வெளிச்சத்திலை சாவியைப் போட்டு அமத்தினன். "கிறீச்" எண்டு ஒரு சத்தம். அரைச் சுத்து. பிறகு முழுச் சுத்து. கழண்டுது! வீட்டிலை எல்லாரையும் எழுப்பிச் சொன்னனான்.

எனக்கு மக்காட் எண்டாலே பிடிக்காது, தெரியும்தானே. மழையிலை பள்ளிக்கூடம் போறதுக்கு ஓம், வேணும். சேத்துக்கை வேண்டாம்.

இப்ப எனக்குக் கோவம் வந்த விசயத்துக்கு வாறன். போன வீடியோவுக்குக் கீழை கொஞ்சப் பேர் எழுதியிருந்தவை, "உந்தப் போட்டிக்கெண்டு தனிச் சைக்கிள் இருக்கு, அது இல்லாமல் பிள்ளையளை ஏன் ஏமாத்திறியள்" எண்டு. நான் ஆரையும் ஏமாத்தேல்லை. சர்வதேசப் போட்டியிலை ரயர் 33 மில்லிமீற்றருக்கு மேலை அகலமா இருக்கக் கூடாது எண்டு விதி இருக்கு, உண்மை. அது பெரிய ஆக்களுக்கு. இங்கிலாந்து மாதிரி இடங்களிலை சின்னப் பிள்ளையளின்ரை ஓட்டத்திலை மவுண்டன் சைக்கிளோடை நிக்கிற பிள்ளையளைக் காணலாம். எங்கடை ஆக்கள் சந்தைக்கு மரக்கறி கட்டிக்கொண்டு போற சைக்கிள் இருக்கெல்லோ, அதின்ரை ரயர் 28க்கு ஒண்டரை இஞ்சி. ஒண்டரை இஞ்சி எண்டால் 38 மில்லிமீற்றர். சேத்துக்கை அது இன்னும் நல்லது! பாரம் கூட, அதை ஒத்துக்கொள்ளுறன். சம்பியன்மார் ஓடுற சைக்கிள் எட்டுக் கிலோ அளவிலை வரும், எங்கடையிலை அது போலை ரெண்டு நிறுக்கலாம். அதுக்குத்தான் பலகைக்குப் பதிலாப் பதிவான தடை போட்டம்.

பலகை எண்டோனை ஞாபகம் வருது. விதிப்படி பலகை கூடினது 40 சென்ரிமீற்றர் உயரம். நாங்கள் பலகையே வைக்கேல்லை. பனை மட்டை, ரெண்டை ஒண்டுக்கு மேலை ஒண்டா அடுக்கிக் கட்டினால் 20 சென்ரிமீற்றர் வரும். சில்லுப் பட்டால் உருண்டு போகும், பிள்ளை விழாது. ஆனா, கட்டாயம் கேளுங்கோ, கருக்குச் சீவாமல் வைக்காதேங்கோ! ரெண்டு கரையும் அரிவாள் மாதிரிப் பல்லு. அப்பா சனிக்கிழமை முழுக்க இருந்து ஒவ்வொரு மட்டையையும் கத்தியாலை சீவி, பிறகு உள்ளங்கையாலை தடவிப் பாத்துத்தான் தந்தவர்.

ஹெல்மெற்றும் சொல்ல மறந்திட்டன். 14 பிள்ளையளுக்கு 7 ஹெல்மெற்தான் கிடைச்சது. ஹெல்மெற் இல்லாமல் ஒரு பிள்ளையையும் கயித்துக்கு உள்ளுக்கை விடமாட்டன். அதாலை ரெண்டு பிரிவா ஓடினவை, ஏழும் ஏழும். முதல் பிரிவு முடிஞ்சு வந்து, கழட்டி, துடைச்சு, மற்றவைக்குப் போட்டு வார் இறுக்கி... அதுக்கே கால் மணித்தியாலம்.

ஓட்டத்தை எப்பிடி வைச்சது எண்டு கேட்டிருந்தியள். உலகப் போட்டியிலை ஒரு சுத்து ரெண்டரையிலை இருந்து மூண்டரைக் கிலோமீற்றர். நாங்கள் 600 மீற்றர். சுத்தைச் சின்னனா வைச்சால் தாய் தகப்பன் ரெண்டு மூண்டு நிமிசத்துக்கு ஒருக்காத் தங்கடை பிள்ளையைக் காணுவினம். இது சுத்துக் கணக்கிலை ஓடுற போட்டி இல்லை, நேரக் கணக்கு. யூனியர் எண்டு சொல்லுற 17, 18 வயசு ஆக்களுக்கு 40 நிமிசம், எங்கடை பிள்ளையளுக்கு 15. முன்னுக்கு ஓடுற பிள்ளை கடைசிச் சுத்தை முடிச்சுக் கோட்டைத் தாண்டினோனை, பின்னுக்கு வாற ஆக்கள் எத்தினையாம் சுத்திலை நிண்டாலும் அந்தச் சுத்தோடை எல்லாருக்கும் முடிவு. ஆறு சுத்து ஓடின பிள்ளையும் நாலு சுத்து ஓடின பிள்ளையும் சில நிமிச இடைவெளிக்குள்ளை வந்து சேருவினம். இந்தப் போட்டியிலை எனக்கு ஆகப் பிடிச்சது இதுதான்.

பெரிய போட்டியளிலை 80 வீத விதி எண்டு ஒண்டு இருக்கு. முன்னுக்கு ஓடுற ஆள் முதல் சுத்துக்கு எடுத்த நேரத்திலை 80 வீதத்துக்கு மேலை ஆரும் பின்தங்கினால் அவரை வெளியிலை எடுத்திடுவினம். உலகப் போட்டியிலை அது சரி, ரீவி இருக்கு, வழி ஒடுக்கம், முன்னுக்கு வாற ஆக்களை மறிக்கக் கூடாது. பத்து வயசுப் பிள்ளைக்கு அந்த விதி வேண்டாம். வேண்டவே வேண்டாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்லுறன் எண்டால், போன வருசம் ஒரு றோட்டு ஓட்டப் போட்டிக்கு ஒரு தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போனனான். 12 வயசு. எந்த இடம் எண்டு சொல்லேல்லை. பிந்திப் போனாள் எண்டு ஒருத்தர் குறுக்காலை கையைக் காட்டி நிப்பாட்டி, கரையிலை ஏத்திவிட்டிட்டார். சனமெல்லாம் பாத்துக்கொண்டு நிண்டது. அவள் அழேல்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டே வீட்டை போனாள். பிறகு ஒரு வருசம் சைக்கிளைத் தொடேல்லை, ரியூசனுக்கும் தகப்பன்தான் ஏத்திக்கொண்டு போனவர்.

அவள் இந்த ஞாயிறு வந்தவள். தாய்க்கு நான் நாலு தரம் போன் எடுத்தனான்.

லேடீஸ் சைக்கிள். நடுப் பார் இல்லை, தோளிலை கொழுவ ஏலாது. முதல் சுத்திலை மட்டைக்கு முன்னாலை வந்து நிண்டிட்டாள். அப்பா அதிலை நிண்டவர். அவர் 1993இலை, சண்டை நேரம் தரைப்பாதை பூட்டிக் கிடக்கேக்கை, கிளாலிக் கடல்நீரேரியாலை போய் வந்தவர், தண்ணிக்குள்ளாலை சைக்கிளைத் தோளிலை வைச்சுக்கொண்டு நடந்து வள்ளத்திலை ஏத்தினவர். "பிள்ளை, கையாலை தூக்காதை. இடக்கை ஹாண்டில்லை, வலக்கையைச் சீற்றுக்குக் கீழை குடு. சைக்கிளை உன்ரை இடுப்போடை ஒட்டு. இப்ப நட." அவ்வளவுதான் சொன்னவர். அவள் நடந்தாள். ரெண்டாம் சுத்திலை ஓட்டமும் நடையும். நாலாம் சுத்திலை, நான் கமராவைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன், மட்டைக்குப் பத்தடி முன்னாலையே வலக்காலைப் பின்னாலை எடுத்து, உருண்டு வர வரக் குதிச்சு இறங்கி, அப்பிடியே தூக்கிக்கொண்டு ஓடினாள்! ஆரும் காட்டிக் குடுக்கேல்லை. முன்னுக்குப் போன பெடியளைப் பாத்துப் பிடிச்சிருக்கிறாள். அந்த இடத்திலை கத்தினதிலைதான் என்ரை குரல் போனது. வீடியோவிலை கமரா ஆடுது, மன்னிச்சுக்கொள்ளுங்கோ, வெட்டமாட்டன், முழுசாப் போடுவன்.

கடைசிச் சுத்துக்கு மணி அடிக்கிறது வழமை. எங்களிட்டைச் சித்தியின்ரை சாமியறைக் கைமணி. முன்னுக்கு வாற ஆளுக்குத்தான் அடிக்கிறது. சித்தி அந்தப் பிள்ளைக்கும் அடிச்சவா, அவள் கோட்டைத் தாண்டும் மட்டும் நிப்பாட்டேல்லை. தாய்மார் பால்மா ரின்னிலை தடியாலை தட்டிக்கொண்டு நிண்டவை.

பெம்பிளைப் பிள்ளையள் 5 பேர்தான் எண்டு ஒருத்தர் கேட்டவர். ஓம், குறைவுதான். உலகப் போட்டி ஆம்பிளையளுக்கு 1950இலை, பெம்பிளையளுக்கு 2000இலை. யூனியர் பெட்டையளுக்கெண்டு தனி உலகப் பட்டம் வந்தது 2020இலை. எங்கடை காணியிலை முதல் நாளே 5 பேர் வந்தவை. அடுத்த தரம் கூட வரோணும்.

இன்னொண்டு, காத்து. சேத்துக்கை ரயர் கல்லு மாதிரி இருந்தால் சறுக்கும். பெருவிரலாலை அமத்தினால் கொஞ்சம் உள்ளுக்கை போற அளவுக்குக் குறையுங்கோ. மெத்தக் குறைக்கவும் வேண்டாம், கல்லிலை ஏறேக்கை ரியூப் றிம்மோடை நசிஞ்சு பக்கத்துப் பக்கத்திலை ரெண்டு ஓட்டை விழும். ஒரு தம்பிக்கு அப்பிடித்தான் நடந்தது. மிச்சச் சுத்தை உருட்டிக்கொண்டு ஓடி முடிச்சவன், அதுவும் இந்தப் போட்டியிலை சரி. பெரிய ஆக்கள் பிற் எண்டு ஒரு இடத்திலை சைக்கிளை மாத்துவினம், உதவிக்காரர் மற்றதைக் கழுவிக்கொண்டு நிப்பினம். எங்களுக்குக் கிணத்தடிதான் பிற். ரெண்டு வாளித் தண்ணி, செயினுக்கை இருக்கிற மண்ணைக் கிண்டப் பூவரசங் குச்சி.

அடுத்தது மணல். மணற்காட்டுப் பக்கம் ஒரு இடம் கேட்டிருக்கிறன். பெல்ஜியத்திலை கொக்சைடே எண்டு கடற்கரை ஊர், மணல் மேட்டுக்கை ஓடுற இடம். 2012இலை அங்கை யூனியர் உலகப் பட்டம் எடுத்த பெடியன்தான் மத்தியூ வான் டெர் போல், அப்ப 17 வயசு. 2025இலை பெரிய ஆக்களின்ரை பட்டத்தை ஏழாந் தரம் எடுத்தவர். பிள்ளையளுக்கு அந்த மணல் ஓட்டத்தைப் போட்டுக் காட்டினனான். முன்னுக்குப் போன சில்லுத் தடத்துக்குள்ளை விடோணும், ஹாண்டிலை இறுக்கக் கூடாது, உடம்பைக் கொஞ்சம் பின்னுக்கு வைச்சுப் பெடலை நிப்பாட்டாமல் மிதிக்கோணும். "எங்கடை மணல் மாதிரியே கிடக்கு அக்கா" எண்டு சொன்னவை.

ஒரு உதவி கேக்கிறன். வீட்டிலை சும்மா கிடக்கிற சைக்கிள் ஹெல்மெற் இருந்தால், வெடிக்காதது, விழுந்து அடிபடாதது, தாங்கோ. இன்னும் ஏழு வேணும். ரியூசன் நடத்திற ஆசிரியர்மாரும் ஆராவது பாத்தால், ஞாயிறு விடிய ரெண்டு மணித்தியாலம், மாசத்திலை ஒருக்கா, பிள்ளையளை விடுங்கோ. கெஞ்சிக் கேக்கிறன்.

தங்கச்சியின்ரை தாய் நேற்றுப் போன் எடுத்தவா. மக்காட் இன்னும் என்னட்டைத்தான் கிடக்கு, பூட்டித் தரட்டோ எண்டு கேட்டன். "வேண்டாமாம், அங்கையே கிடக்கட்டாம், அவள் சொல்லுறாள்" எண்டவா.

மழை இருட்டுது, உடுப்பு வெளியிலை கிடக்கு. எடுக்கப் போறன். வாறன் உறவுகளே.