பெயர் வைக்க 42 நாள்

நேயர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரில் குழந்தை பிறந்து 42 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். 2022 மே மாதக் கடைசியிலிருந்து எல்லாம் இணையத்தில்தான். சான்றிதழும் மின்னிலக்கச் சான்றிதழ். அப்பா கைப்பேசியில் தட்டிய எழுத்து அப்படியே பள்ளிக்கூடம், அடையாள அட்டை, கடப்பிதழ் என்று பிள்ளையோடு கூடவே போகும்.

நான் பேச வந்தது அந்த எழுத்தைப் பற்றி. நட்சத்திரம் பார்த்து முதலெழுத்து எடுப்பது, தாத்தா பெயரை வைப்பது, இதெல்லாம் நம் வழக்கம், இருக்கட்டும். ஆனால் நியூமராலஜி பார்த்து ஆங்கிலத்தில் ஓர் ‘ஏ’ கூட்டுவது, ஓர் ‘எச்’ கூட்டுவது இருக்கிறதே, அதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

என் தங்கை பேரனுக்கு அப்படித்தான் பெயர் வைத்தார்கள். கூப்பிட்டால் மூன்றே எழுத்து, இனிமையான பெயர். ஆங்கிலத்தில் இரண்டு ‘ஏ’, கடைசியில் இரண்டு ‘என்’. போன தீபாவளிக்குத் திருச்சி கிளம்பினார்கள். சாங்கி விமான நிலையத்தில் பெட்டியெல்லாம் எடை போட்டாயிற்று. முகப்பில் இருந்த பெண் கடப்பிதழையும் பயணச்சீட்டையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறார். சீட்டில் ஓர் ‘ஏ’ இல்லை. சீட்டு எடுத்துக் கொடுத்தவர் தட்டச்சில் விட்டுவிட்டார். திருத்தி வாங்கி வரும்வரை குடும்பமே வரிசையை விட்டு ஓரமாக நின்றது. ஏழு வயதுப் பையன், “பாட்டி, என் பேரு தப்பா?” என்று கேட்டிருக்கிறான். தங்கைக்குப் பதில் சொல்ல வரவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு இன்னமும் மனது கேட்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், பதிவதற்கு முன் எழுத்துக்கூட்டிச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். தொலைபேசியில் சீனரோ மலாய்க்காரரோ கேட்டு எழுதுவதாக நினைத்துக்கொண்டு சொல்லுங்கள். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தால், அதையேதான் பிள்ளை காலம் முழுக்கச் சொல்லப்போகிறது. பிறகு மாற்ற நினைத்தால் பெரும்பாலும் வழக்கறிஞரிடம் போய்ப் பெயர்மாற்றப் பத்திரம் எழுத வேண்டியிருக்கும்.

மற்ற நாடுகளில் பெயருக்குச் சட்டமே குறுக்கே வருகிறது. ஜப்பானில் 1993இல் ஒரு தகப்பனார் மகனுக்கு ‘அக்குமா’, அதாவது பேய் என்று வைக்கப் போனார், நகராட்சி மறுத்தது. நியூசிலாந்தில் 100 எழுத்தைத் தாண்டக் கூடாது. ராஜா, நீதிபதி மாதிரிப் பட்டங்களும் ஆகாது. அங்கேதான் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, ‘ஹவாயிலிருந்து வந்து ஹூலா ஆடும் தலூலா’ என்கிற பொருளில் ஒரு முழு வாக்கியத்தையே பெயராகச் சுமந்தாள். சிநேகிதிகளிடம் அதைச் சொல்லாமல், ‘கே’ என்று கூப்பிடச் சொல்லியிருந்தாள். வேறு பெயர் வைப்பதற்காகவே நீதிமன்றம் அவளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 2008இல் உலகமே பேசிய செய்தி அது. பிள்ளை தன் பெயரை ஒளித்துவைக்கும்படி ஆகலாமா, நேயர்களே? நம் பிள்ளைகளுக்கு அந்த நிலை வரக் கூடாது. அதற்குத்தான் சத்தமாகச் சொல்லிப் பார்க்கச் சொல்கிறேன்.

அப்பா பெயரை எப்படிச் சேர்ப்பது என்றும் பேச நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் இருக்கிறதாம். சரி, ஒன்று மட்டும். பதியும்போது பெயரைத் தமிழ் எழுத்திலும் சேர்க்கலாம், அந்த இடத்தைக் காலியாக விடாதீர்கள். ‘ல’வா ‘ள’வா, ‘ந’வா ‘ன’வா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். நன்றி, வணக்கம்.