சலிப்பதும் சலித்தெடுப்பதும்: பினாங்குப் பட்டிமன்றத்தில் ஓர் உரை

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். தேர்வுகள் மாணவரை வளர்க்கின்றன என்பது எங்கள் அணி.

எதிரணி நண்பர் ஒரு குத்தல் வைத்துவிட்டு அமர்ந்திருக்கிறார். அதைத் தீர்க்காமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. மலேசியாவில் ஆறாம் ஆண்டுக்கான யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் போயிற்று, மூன்றாம் படிவத்துக்கான பிடி3 2022இல் போயிற்று, ஆனாலும் ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம் தேர்வுக்கு முன்பாக 'ட்ரையல்' என்ற முன்னோட்டத் தேர்வு வைத்து வதைக்கிறார்கள், ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கே துன்பம் என்றுதான் பொருள் என்றார், கைதட்டலும் வாங்கினார். அகராதியின் கடைசி வரியைப் படித்தவர் முதல் வரியைப் படிக்கவில்லை. பழைய பிரெஞ்சு மொழியில் 'ட்ரியே' என்றால் பிரித்தெடுப்பது. அவ்வழி வந்த 'ட்ரையல்' 15ஆம் நூற்றாண்டில் சோதித்துப் பார்ப்பதையே குறித்தது. நீதிமன்ற விசாரணையும் துன்பமும் 16ஆம் நூற்றாண்டில் வந்து ஏறிக்கொண்ட பொருள்கள். மருத்துவமனை அவசரப் பிரிவில் நோயாளிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரிக்கும் 'ட்ரியாஜ்' முறையின் பெயருக்கும் அதுவே வேர். அங்கே பிரிப்பது வதைப்பதற்கா, காப்பாற்றுவதற்கா? தமிழிலும் மாவைச் சலிக்கிறோம், மனமும் சலிக்கிறது. நண்பருக்கு இரண்டாவது மட்டுமே தெரிந்திருக்கிறது!

நண்பரைப் போலவே அச்சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்ட பாட்டி ஒருவர் நிபோங் தெபாலில் எங்கள் உறவில் இருக்கிறார். "நாளைக்கு எனக்கு ட்ரையல் பாட்டி" என்றான் பேரன். பாட்டிக்குத் தெரிந்த ட்ரையல் கோர்ட்டில் நடப்பது. உடனே தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டார். "லாயர் யாருடா?" என்றார். அவன் கைப்பேசியிலிருந்து தலை நிமிராமல், "ஒன்பது பாடம் பாட்டி, மூணு வாரம் ஓடும்" என்றான். "ஒன்பது கேஸா!" என்று பாட்டி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா பழத்தட்டோடு ஆறுதல் சொல்ல வந்துவிட்டார். வந்தவர், "ஜாமீன் கிடைக்குமா?" என்றும் கேட்டுவைத்தார். கேட்டவர் ஓர் ஆசிரியை. அதை நான் இங்கே விரித்துச் சொன்னால் வீட்டுக்குப் போக முடியாது.

மகன் வந்து, "பரீட்சைதான் அம்மா" என்று விளக்கியதும் எல்லாரும் சிரித்தார்கள். பாட்டி மட்டும் சிரிக்கவில்லை. "சின்ன வயசுலேயே என்னை ரப்பர் தோட்டத்துல பால்வெட்டுக்கு அனுப்பிட்டாங்க. உனக்கு என்ன தெரியும்னு என்னை ஒருத்தரும் உக்கார வெச்சுக் கேட்டதே இல்லையேப்பா" என்றார்.

நடுவர் அவர்களே, சோதிக்கப்பட்டு வாடிய பிள்ளைகளுக்காக எதிரணியில் நால்வர் பேசிவிட்டார்கள். யாரும் சோதித்துப் பார்க்கக்கூட நினைக்காத அந்தத் தோட்டத்துப் பெண்களுக்காக அவர்களில் ஒருவராவது எழுந்து பேசட்டும்; நான் அமர்கிறேன்.